எழுத்துரு இல்லாத கணினியில் ஆவணத்தைத் திறந்தால் என்ன நடக்கிறது?

ஒருவர் அனுப்பிய ஆவணத்தைத் திறக்கிறோம். அவருடைய கணினியில் 30 பக்கமாக இருந்த அறிக்கை நம்மிடம் 33 பக்கமாக நீண்டு, அட்டவணைகள் பாதியில் முறிந்து நிற்கிறது. இன்னொருவர் அனுப்பியதில் எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். மூன்றாவது கோப்பிலோ தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக ஓடுகின்றன. இம்மூன்றுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: ‘ஃபாண்ட் இல்லை.’ அது தவறில்லை. ஆனால் இவை மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்யும் வழி மற்றொன்றுக்கு உதவாது, சில சமயம் நன்றாக இருக்கும் கோப்பையே கெடுத்தும் விடும். ஆகவே எழுத்துருவைத் தேடி இணையத்தில் இறங்குவதற்கு முன், உண்மையில் தொலைந்திருப்பது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு, ஆவணத்துக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்று நாம் தட்டச்சு செய்யும் கோப்பில் இச்சொல் படமாகப் பதிவாவதில்லை. 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்களாகப் பதிவாகிறது. முதலாவது த, இரண்டாவது ம, மூன்றாவது இகரக் குறி, நான்காவது ழ, ஐந்தாவது புள்ளி. ஒருங்குறி என்றும் யூனிகோட் என்றும் நாம் அழைக்கும் உலகப் பொது அட்டவணை, இந்த எண்களை இந்த எழுத்துகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்குரியவை.

எண்களோடு சேர்த்து, ‘இப்பகுதியை இன்ன எழுத்துருவில் காட்டுக’ என்று ஒரு பெயரும் கோப்பில் எழுதப்படுகிறது. பெயர் மட்டும்தான், எழுத்துகளின் வளைவும் தடிப்பும் அகலமும் அதில் இல்லை. அவை கணினியில் தனியாக நிறுவப்பட்டிருக்கும் எழுத்துருக் கோப்பில் இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்ற பட்டியலும், ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் ‘கொ’ என்று முன்னும் பின்னும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது போன்ற விதிகளும் அந்தக் கோப்பிலும் கணினியின் எழுத்து வடிவாக்கப் பொறியிலும் பகிர்ந்து கிடக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், ஆவணம் நாடகத்தின் வசனப் பிரதியைப் போன்றது; எழுத்துரு வேடம் கட்டும் நடிகர். நடிகர் வராத நாளில் வசனம் எங்கும் போய்விடுவதில்லை, வேறொருவர் பேசுகிறார்.

கோப்பைத் திறக்கும் மென்பொருள் முதலில் அந்தப் பெயரில் எழுத்துரு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே மாற்று எழுத்துரு ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். இத்தேர்வு முற்றிலும் குருட்டாம்போக்கானதும் அன்று. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதன் பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தால், ‘ஃபாண்ட்டேபிள்’ என்ற சிறு கோப்பு உள்ளே இருப்பதைக் காணலாம். பயன்பட்ட எழுத்துருக்களின் பெயர்களும், ஒவ்வொன்றின் தோற்றத்தையும் பத்து எண்களில் வருணிக்கும் பனோஸ் என்ற குறிப்பும் அதில் இருக்கும். வால் வைத்த எழுத்தா, வாலில்லாததா, எவ்வளவு தடிப்பு, எல்லா எழுத்துகளும் ஒரே அகலமா என்பன போன்ற அங்க அடையாளங்கள் அவை. அவற்றை வைத்து ஏறக்குறைய ஒத்த முகமுள்ள ஒன்றை மென்பொருள் தேடுகிறது.

மாற்று எழுத்துருவில் எல்லா எழுத்துகளுக்கும் உருவம் இருந்துவிட்டால், ஆவணத்தைப் படிப்பதில் தடை இராது. ஆனால் அளவுகள் மாறும். புதிய எழுத்து பழையதைவிட நூற்றுக்கு இரண்டு பங்கு அகலமாக இருந்தாலே போதும். வரியின் கடைசிச் சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்படும், பத்தி ஒரு வரி நீளும், பக்கத்தின் அடியில் இருந்த படம் அடுத்த பக்கத்துக்குத் தாவும், பொருளடக்கத்தில் அச்சிட்டபடி இருக்கும் பக்க எண்கள் பொய்யாகும். நான் ஒருமுறை இப்படி நீண்டுபோன ஆவணத்தைப் பார்த்து, அனுப்பியவர்தான் கவனமில்லாமல் தயாரித்துவிட்டார் என்று எண்ணி, பக்கப் பிரிப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி அழகாக்கித் திருப்பி அனுப்பினேன். சரியான எழுத்துரு இருந்த அவருடைய கணினியில் அது அலங்கோலமாகத் திறந்தது. மாற்று எழுத்துருவில் பார்த்துக்கொண்டு வடிவமைப்பில் கைவைக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

இந்த அகலச் சிக்கலை முன்பே உணர்ந்தவர்கள், ஒரு புகழ்பெற்ற எழுத்துருவின் ஒவ்வோர் எழுத்தும் எடுத்துக்கொள்ளும் அகலத்தை அப்படியே பின்பற்றி, உருவத்தை மட்டும் வேறாக வரைந்த எழுத்துருக்களை உருவாக்கியிருக்கிறார்கள். ஏரியலே ஹெல்வெட்டிகாவின் அகலங்களைப் பின்பற்றி எழுந்ததுதான். 2007இல் ரெட்ஹேட் நிறுவனம் வெளியிட்ட லிபரேஷன் எழுத்துருக்கள் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ ஆகியவற்றின் அகலங்களைக் கொண்டவை. கார்லிட்டோ காலிப்ரியின் அகலத்தைக் கொண்டது. லினக்ஸ் கணினியில் லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் வழியாக ஒரு வேர்டு கோப்பைத் திறந்தும் பக்க எண்ணிக்கை பிசகாமல் வருகிறதென்றால், பெரும்பாலும் இவற்றில் ஒன்று திரைக்குப் பின்னால் உழைக்கிறது. இவையெல்லாம் ஆங்கிலம் முதலிய மொழிகளின் எழுத்துகளுக்கானவை. தமிழ்ப் பகுதிக்கு இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

எழுத்துரு மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் வேர்டு கொஞ்சம் ஏமாற்றும். கருவிப்பட்டையின் எழுத்துருப் பெட்டியில், கணினியில் இல்லாத எழுத்துருவின் பெயரையே அது காட்டிக்கொண்டிருக்கும். திரையில் தெரிவதோ வேறு எழுத்துரு. உண்மையை அறிய ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்று, ‘ஃபாண்ட் சப்ஸ்டிடியூஷன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். எது இல்லை, அதற்குப் பதிலாக எது பயன்படுகிறது என்று இரு பத்திகளில் காட்டும். எல்லாம் இருந்தால் மாற்றம் தேவையில்லை என்று சொல்லிவிடும். அதே சாளரத்தில் நிரந்தரமாக மாற்றிவிடும் பொத்தான் ஒன்றும் உண்டு. அது கோப்பில் எழுதப்பட்டுள்ள பெயரையே அழித்துப் புதுப்பெயரை எழுதிவிடும் என்பதால், ஆவணம் நமக்கே உரியதாக இருந்தாலொழிய அதைத் தொடாமல் இருப்பது நல்லது. லிப்ரெஆபிஸ் இவ்வகையில் நேர்மையானது: இல்லாத எழுத்துருவின் பெயரைச் சாய்ந்த எழுத்தில் காட்டி எச்சரிக்கும்.

தடித்த எழுத்து மட்டும் அழுக்குப் படிந்தாற்போல் தெரிவதும் இவ்வகைக் கோளாறின் ஒரு கிளை. குடும்பத்தின் சாதாரண எழுத்துரு நிறுவப்பட்டு, தடித்த வகைக்கான தனிக் கோப்பு நிறுவப்படாமல் விட்டுப்போனால், மென்பொருள் சாதாரண எழுத்தையே ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். விடுபட்ட கோப்பை நிறுவினால் சரியாகிவிடும்.

இரண்டாவது வகை கட்டங்கள். ஓர் எழுத்துருக் கோப்பில் அதிகபட்சமாக 65,535 உருவங்களே அடங்கும், ஒருங்குறியிலோ 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளும் குறிகளும் இருக்கின்றன. எனவே உலகின் எல்லா எழுத்துகளையும் கொண்ட ஒற்றை எழுத்துரு என்று ஒன்று இருக்கவே முடியாது. ஓர் எண்ணுக்கு உருவம் கிடைக்காதபோது மென்பொருள் வேறு எழுத்துருக்களில் தேடிப்பார்க்கும். எங்கும் கிடைக்காவிட்டால், ‘வரையறுக்கப்படாதது’ என்ற பொருளில் ஒவ்வோர் எழுத்துருவிலும் முதல் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும் உருவத்தைக் காட்டும். அதுதான் நாம் காணும் கட்டம். எழுத்துருத் துறையினர் இக்கட்டங்களுக்கு டோஃபு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; அவை ஒழிய வேண்டும் என்ற நோக்கத்தோடு கூகுள் தொடங்கிய எழுத்துருத் தொகுப்புக்கு ‘நோ டோஃபு’ என்பதிலிருந்து நோட்டோ என்று பெயர் வந்தது. தமிழ் உட்பட ஏராளமான எழுத்துமுறைகளுக்கு அதில் தனித்தனி எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கட்டம் தெரிந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. எண் பத்திரமாக இருக்கிறது, உருவம் மட்டும் இல்லை. பொருத்தமான எழுத்துருவை நிறுவி, மென்பொருளை ஒருமுறை மூடித் திறந்தால் எழுத்துகள் வந்துவிடும். ஆனால் கட்டத்துக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் கதை வேறு. எங்கோ ஓரிடத்தில், தமிழ் எண்களைத் தாங்க முடியாத பழைய முறையில் கோப்பு சேமிக்கப்பட்டு, ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகவே மாற்றி எழுதப்பட்டுவிட்டது என்பது அதன் பொருள். கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், மென்பொருள் கோப்பைத் தவறான குறியேற்றத்தில், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் தவறான முறையில், படிக்கிறது என்று கொள்ளலாம். அந்நிலையில் சேமிக்காமல் மூடிவிட்டு, யுடிஎஃப்-8 முதலிய வேறு குறியேற்றங்களில் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முற்றிலும் கேள்விக்குறியாகிவிட்ட கோப்புக்கு எந்த எழுத்துருவும் உயிர்தராது. மூலத்தைத் திரும்பக் கேட்பதுதான் வழி.

மூன்றாவது வகைதான் தமிழ் படிப்பவர்களுக்கு நெடுங்காலமாகத் தலைவலியாக இருப்பது. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஓர் எழுத்துருவில் 256 இடங்கள்தாம் கிடைத்தன. தமிழ் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களிலேயே தமிழ் உருவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்; அதாவது 106, 107, 112, 111, 59. மேலே சொன்ன 2980, 2990 வரிசையோடு இதற்கு எவ்வித உறவும் இல்லை. பாமினி இருக்கும் கணினியில் ஜே என்ற எழுத்து தகரத்தின் முகமூடியை அணிந்து நிற்கிறது. இல்லாத கணினியில் முகமூடி கழன்று ஆங்கில எழுத்தாகவே தெரிகிறது. கணினியைக் குறைசொல்ல முடியாது. கோப்பில் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, அவ்வளவே.

வடிவமைப்பாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி இடங்களை ஒதுக்கிக்கொண்டதால், ஒருவருடைய எழுத்துருவில் அடித்தது இன்னொருவருடையதில் குழம்பியது. இதற்கு ஒழுங்கு கொண்டுவர டிஸ்கி என்ற குறியேற்றம் தோன்றியது. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டைத் தரமாக அறிவித்தது. இதே ஏமாற்று ஆங்கில மின்னஞ்சல்களிலும் நடந்திருக்கிறது. சிரிப்பு முகம் இட்டு அனுப்பிய வரியின் முடிவில், பெறுபவருக்கு ஒற்றை ஜே எழுத்து மட்டும் வந்து நிற்கும். விங்டிங்ஸ் என்ற குறி எழுத்துருவில் பெரிய ஜே எழுத்தின் இடத்தில்தான் சிரிப்பு முகம் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் சிரிப்பு மறைந்து எழுத்து எஞ்சும்.

இவ்வகைக் கோப்பைப் படித்தால் மட்டும் போதுமென்றால், அதற்குரிய எழுத்துருவை நிறுவினால் போதும். ‘உரிய’ என்பது இங்கே முக்கியம்: ஒருங்குறி எழுத்துரு எதைத் தேர்ந்தெடுத்தாலும் பயன் இல்லை, ஏனெனில் அதில் 106 என்ற இடத்தில் ஜே எழுத்துதான் இருக்கும். தொடர்ந்து திருத்தவோ, தேடவோ, நெடுநாள் பாதுகாக்கவோ வேண்டுமென்றால் ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதே முறை. அதற்கான எழுத்துரு மாற்றிகள் நிறைய உள்ளன. வேர்டின் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு நாமே செய்துவிடலாம் என்று சிலர் முயல்வதுண்டு, அது சரிவராது. ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் தெரிவதால், பாமினியில் கொம்பின் எண்ணான 110 முதலிலும் ககரத்தின் 102 அடுத்தும் வரும். ஒருங்குறியில் உச்சரிப்பின் வரிசைப்படி ககரத்தின் 2965 முதலிலும் எகரக் குறியின் 3014 பின்னும் வர வேண்டும். எண்ணை மாற்றுவதோடு வரிசையையும் புரட்ட வேண்டியிருப்பதால் இதை மாற்றியிடம் விட்டுவிடுவதே நல்லது. ஆவணத்தின் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழென்று எண்ணி உளறலாக்கிவிடும். ஆகவே தமிழ்ப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்து மாற்ற வேண்டும்.

கோளாறு எவ்வகை என்று தெரிந்த பிறகு, பெறுபவர் செய்ய வேண்டியவை எளியவை. முதலில், வந்த கோப்பின் ஒரு படியைத் தொடாமல் எடுத்து வைக்க வேண்டும். இல்லாத எழுத்துருவின் பெயரை மேற்சொன்ன வழிகளில் அறிந்து, அதை உருவாக்கியவருடைய தளத்திலிருந்தோ இயங்குதளத்தின் வழியாகவோ பெற வேண்டும். விண்டோஸ் 10இல் லதா, விஜயா ஆகிய பழைய தமிழ் எழுத்துருக்கள் தாமாக வருவதில்லை. அமைப்புகளில் உள்ள விருப்ப வசதிகளில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற பொதியைச் சேர்த்தால் வந்துவிடும். பதிவிறக்கிய எழுத்துருக் கோப்பை விண்டோஸில் வலச்சொடுக்கி நிறுவலாம். மேக்கில் ஃபாண்ட் புக் செய்துதரும். லினக்ஸில் இல்ல அடைவுக்குள் (ஹோம் ஃபோல்டர்) எழுத்துருக்களுக்கான அடைவில் இட்டு எஃப்சி-கேஷ் என்ற கட்டளையை இயக்கினால் போதும். ‘ஆயிரம் இலவச எழுத்துருக்கள்’ என்று ஒரே பொதியாகத் தரும் அறிமுகமற்ற தளங்களை நான் நம்புவதில்லை. பெயர் ஒன்றாக இருந்தும் பதிப்பு வேறாக இருப்பது, உரிமம் இல்லாமல் நகலெடுக்கப்பட்டிருப்பது, கூடவே வேண்டாத நிரல் வந்து உட்கார்ந்துகொள்வது என்று மூன்று தொல்லைகளும் அங்கே சாத்தியம்.

உண்மையில் இத்தொல்லையின் பெரும்பகுதியை அனுப்புபவரே தவிர்த்திருக்கலாம். பெறுபவர் ஆவணத்தைத் திருத்தப்போவதில்லை, படிக்கப்போகிறார் அல்லது அச்சிடப்போகிறார் என்றால், பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதே சரி. 1993இல் அடோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய இவ்வடிவம் 2008இல் பன்னாட்டுத் தரமாயிற்று. எழுத்துருவின் உருவங்களையே கோப்புக்குள் வைத்து அனுப்பும் வசதி அதன் பெரும்பலம். இதை உட்பொதித்தல் என்கிறோம். வழக்கமாக முழு எழுத்துருவும் உள்ளே போவதில்லை. ஆவணத்தில் பயன்பட்ட எழுத்துகளின் உருவங்கள் மட்டும் போகும். அதனால் கோப்பு சிறிதாகிறது, அதனாலேயே பிடிஎஃப் கோப்பில் புதிய எழுத்தைச் சேர்த்துத் திருத்துவது கடினமாகவும் ஆகிறது. ஆயினும், பிடிஎஃப் என்றாலே எழுத்துரு உள்ளே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உட்பொதிக்காமலும் பிடிஎஃப் உருவாக்க முடியும். அடோபி ரீடரில் கோப்பின் பண்புகளைத் திறந்து ஃபாண்ட்ஸ் பகுதியைப் பார்த்தால், ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்கு அருகிலும் உட்பொதிக்கப்பட்டதா என்ற குறிப்பு இருக்கும். நெடுங்காலச் சேமிப்புக்கென 2005இல் தரப்படுத்தப்பட்ட பிடிஎஃப்/ஏ வகையில் எழுத்துருக்களை உட்பொதிப்பது கட்டாயம் என்பதால், ஆவணக் காப்புக்கு அதைத் தேர்வது நல்லது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கினால், எங்கே திறந்தாலும் தமிழ் அழகாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் அதே பழைய ஜேயும் கேயும் வந்து விழும். உருவம் பிழைத்தது, எண் பழையபடியே இருக்கிறது.

பெறுபவர் திருத்தியே ஆகவேண்டிய ஆவணமாக இருந்தால், வேர்டிலும் உட்பொதிக்க வழி உண்டு. ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் எழுத்துருக்களைக் கோப்பில் உட்பொதிக்கும் தெரிவைக் குறியிட வேண்டும். அதன்கீழ், பயன்பட்ட எழுத்துகளை மட்டும் பொதிக்கும் துணைத்தெரிவு ஒன்று இருக்கும். மற்றவர் திருத்த வேண்டிய கோப்பில் அதைத் தேர்ந்தால், அவர் புதிதாக அடிக்கும் எழுத்துக்கு உருவம் இராது. லிப்ரெஆபிஸில் ஆவணப் பண்புகளின் ஃபாண்ட் பகுதியில் இவ்வசதி உள்ளது. இதையெல்லாம் செய்தும் உட்பொதிய மறுக்கும் எழுத்துருக்கள் உண்டு. எழுத்துருவும் உரிமம் கொண்ட மென்பொருளே. பொதிக்கவே கூடாது, பார்க்கவும் அச்சிடவும் மட்டும் பொதிக்கலாம், திருத்தவும் பொதிக்கலாம் என்ற அனுமதி நிலைகளை உருவாக்கியவர் எழுத்துருக் கோப்பிலேயே குறித்திருப்பார், மென்பொருள் அதற்குக் கட்டுப்படும். விலைகொடுத்து வாங்கிய எழுத்துருவை ஆவணத்தோடு தனிக் கோப்பாக இணைத்து அனுப்புவதற்கு முன்பும் உரிமத்தைப் படித்துவிட வேண்டும். நோட்டோவைப் போலத் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை.

பலர் கைமாறும் ஆவணங்களில் நான் பின்பற்றுவது இன்னும் எளிது: எல்லாரிடமும் இருக்கும் ஒருங்குறி எழுத்துரு ஒன்றைத் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்துகொள்வது, அலங்கார எழுத்துருக்களைக் கடைசி வடிவமைப்பாளரிடம் விட்டுவிடுவது. மென்பொருளின் இயல்பான எழுத்துருவை எல்லாரும் வைத்திருப்பார்கள் என்றும் நம்ப முடியாது. வேர்டில் 2007 முதல் இயல்பாக இருந்த காலிப்ரியின் இடத்தை 2023 முதல் ஆப்டோஸ் பிடித்துக்கொண்டதால், புதிய வேர்டில் எதையும் மாற்றாமல் அடித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்கும்போது மாற்று எழுத்துருவில்தான் தெரியும். முக்கியமான கோப்பு என்றால், அனுப்புவதற்கு முன் அதை நம் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவேன். நாம் கணினியில் சேர்த்துவைத்த எழுத்துருக்கள் பெரும்பாலும் அதில் இரா. பெறுபவர் காணப்போவதை அது இரண்டு நிமிடத்தில் காட்டிவிடும்.